சலான் பாக்கி, முடங்கிய லைசென்ஸ், காலாவதியான இன்சூரன்ஸ்: எதில் முதலில் கை வைப்பது?

கும்பகோணமோ திருவாரூரோ, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும்: "சலான் பணத்தைக் கட்டிட்டா லைசென்ஸ் வந்துடும்ல?" வராது. சலானில் உள்ள அபராதம் போலீசோடும் கோர்ட்டோடும் தீர வேண்டிய கணக்கு. விதிமீறலுக்காக முடக்கப்பட்ட, அதாவது இடைநீக்கம் செய்யப்பட்ட, லைசென்ஸ் ஆர்.டி.ஓ. கையில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி விற்கும்போது இரண்டையும் பற்றிக் கவலைப்படுவதில்லை. விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போதுதான் லைசென்ஸைத் தோண்டும்.

பலரும் சலான், லைசென்ஸ், இன்சூரன்ஸ் என்ற வரிசையில் போகிறார்கள். இன்சூரன்ஸில் தொடங்குவதுதான் நல்லது. சலான் இன்னும் பத்து நாள் நின்றாலும் தொகை தெரிந்ததுதான். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர் மீது மோதினால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் லட்சங்களை வண்டிக்காரர்தான் கட்ட வேண்டும்.

தேர்ட் பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா?

தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் இழப்புக்கு மட்டும்; ஃபுல் இன்சூரன்ஸ் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கும் சேர்த்து. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 75 முதல் 150 சி.சி. வரையிலான பைக்குக்கு 714 ரூபாய், 1000 முதல் 1500 சி.சி. காருக்கு 3,416 ரூபாய். இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பைக்குக்கு ஏறத்தாழ 843 ரூபாய் ஆகிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் முடங்கியிருந்தால் விண்ணப்பத்தில் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்.

பத்து வருடப் பழைய பைக்குக்கு தேர்ட் பார்ட்டி போதும். காருக்கு அப்படிச் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம் பக்கம் சாய்ந்த மரங்களை நினைத்துப் பார்த்தால் போதும். நிறுத்தி வைத்த கார் மீது தென்னை விழுந்தாலோ வெள்ளம் புகுந்தாலோ தேர்ட் பார்ட்டியில் ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸில் வரும். அங்கே வண்டியை ஓட்டியவர் என்று யாரும் இல்லாததால் முடங்கிய லைசென்ஸ் குறுக்கே நிற்காது. தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால் மட்டும், எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் பணம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

காலாவதியான பிறகு ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தால் வண்டியைச் சுற்றிப் படம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். பழைய கீறல், நசுங்கல் எல்லாம் அப்போதே குறித்துக்கொள்ளப்படும். 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும், 50 சதவீதம் சேர்த்து வைத்திருந்தாலும்கூட. பாலிசி எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பணம் கட்டிய நிமிடமே காப்பு தொடங்கும் என்பதில்லை.

சலான்: ஆன்லைனா, கோர்ட்டா, புரோக்கரா?

மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எஞ்சின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் கேட்கும். அதோடு நிறுத்தாமல் லைசென்ஸ் எண்ணையும் போட்டுப் பாருங்கள். நீங்கள் வேறொருவருடைய வண்டியை ஓட்டியபோது போட்ட சலான் அங்கேதான் தெரியும். வாட்ஸ்அப்பில் சலான் என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) தொட்டால் போன் போகும், வங்கிக் கணக்கும் போகும்.

தப்பு நம்முடையதுதான் என்றால் ஆன்லைனே சுலபம். பழைய சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (சலான் வழக்கை ஆன்லைனிலேயே முடிக்கும் கோர்ட்) போயிருந்தால் அதன் தளத்தில் கட்ட வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பரிவாகனில் பாக்கி மறையச் சில நாள் ஆகலாம். வண்டி எண் தவறாகப் படிக்கப்பட்டிருந்தால், விற்ற வண்டிக்கு சலான் வந்திருந்தால், எதிர்க்கலாம். அப்போது வழக்கு சாதாரண கோர்ட் வரை போகலாம். 500 ரூபாய்க்காக இரண்டு நாள் கூலியை விடுவது கணக்குக்கு ஒத்துவருமா என்பது உங்கள் பாடு. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு மட்டும் கோர்ட்டில்தான் முடியும், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை. புரோக்கர் செய்வதும் இதே ஆன்லைன் வேலைதான், கமிஷன் கூடுதல். லோக் அதாலத் என்னும் சமரச நீதிமன்றத்தில் பாதியாகக் குறையும் என்ற வீடியோக்கள் பெரும்பாலும் டெல்லியைப் பற்றியவை, அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

டெல்டாவில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. செகண்ட் ஹேண்ட் பைக்கை வாங்கி, பெயர் மாற்றத்துக்கான கையெழுத்திட்ட ஃபாரம் 29, 30-ஐப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சலான் எஸ்.எம்.எஸ். பழைய உரிமையாளர் போனுக்குப் போகும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும்; சலான் பாக்கி காட்டினால் அந்த வேலை நகராது. முதலில் அதைத் தீர்த்துப் பெயரை மாற்றினால்தான் இன்சூரன்ஸும் உங்கள் பெயரில் ஒழுங்காக நிற்கும்.

லைசென்ஸ்: காத்திருப்பதா, மேல்முறையீடா?

அபராதம் கட்டிவிட்டதால் இடைநீக்கம் தானாக நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவே அப்படிச் சொல்கிறது. ஹெல்மெட் இல்லாதது, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டியது, போனில் பேசியது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியது எல்லாம் மூன்று மாத இடைநீக்கத்துக்கு வழி வைக்கும். போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஒப்புகைச் சீட்டில் உள்ள தேதி வரை ஓட்டலாம். ஆர்.டி.ஓ. நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் பெரிய தவறு. உத்தரவுக்கு முன் விளக்கம் சொல்லும் வாய்ப்பு அந்த ஒரு தடவைதான். உத்தரவு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு முடிவதற்குள் மூன்று மாதமே கடந்துபோகலாம். ஓட்டுநர் வேலையே பிழைப்பாக உள்ளவருக்கும், ஆள் மாறாட்டத்தில் சிக்கியவருக்கும் மட்டும் அது மதிப்பு. மற்றவர்கள் காத்திருக்கலாம், முடிந்ததும் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடைநீக்கத்தின்போது ஓட்டினால் 10,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த நாள்களில் காரை வீட்டில் லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஓட்டட்டும். பாலிசி அவருக்கும் பொருந்தும்.

லைசென்ஸ் முடங்கவில்லை, காலாவதிதான் என்றால் வேறு கணக்கு: ஓராண்டுக்குள் புதுப்பித்தால் டெஸ்ட் இல்லை, தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

நடவுக்கும் அறுவடைக்கும் லோடு ஆட்டோவில் ஆள் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் போவது சின்ன விஷயம். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே தீர்ப்பளித்துவிட்டது. வழக்கமான பாலிசி எடுத்திருந்தாலும் அந்த இழப்பீடு வண்டி உரிமையாளரின் நிலத்திலிருந்துதான் போகும்.