ஒன்பது கிறிஸ்துமஸ் கண்ட சீனச்சட்டி

2016 டிசம்பரில் மார்த்தாண்டத்தில் ஒரு பாத்திரக் கடையில் இந்த வார்ப்பிரும்புச் சீனச்சட்டியை (வாணலியை) வாங்கினேன். பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயிருந்த நேரம். பாதிப் பணத்தைக் கடன் சொல்லிவிட்டுத்தான் தூக்கி வந்தேன். வாய் அகலம் 12 அங்குலம். 2024 வரை ஒன்பது கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டு பீஃப் ரோஸ்ட் இதிலிருந்துதான் இறங்கியது. நாங்கள் இருப்பது களியக்காவிளை. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் ஆப்பத்தோடு ஒரு பந்தி, மறுநாள் மதியம் பாறசாலைச் சொந்தக்காரர்கள் வந்ததும் இன்னொரு பந்தி.

வாங்கியதுமே அடுப்பில் ஏற்றப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "மொதல்ல சட்டியப் பழக்கு மக்களே, இப்பமே கறி போடாண்டாம்" என்றாள். ஒரு வாரம் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, தினமும் மாற்றினோம். அப்புறம் எண்ணெய் தடவிப் புகைய விட வேண்டும். இங்கேதான் நான் தவறினேன். நம் ஊர்ப் பழக்கத்தில் தேங்காயெண்ணெயைத் தடவினேன். அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் படலமாக இறுகவே இல்லை. நல்லெண்ணெய்க்கு மாறிய பிறகுதான் சட்டிக்குக் கறுப்பு மினுமினுப்பு வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தச் சட்டி கறியை வேகவைப்பதற்கு அல்ல, கடைசி முக்கால் மணி நேரத்துக்குத்தான். கொஞ்சம் கொழுப்புள்ள கறியாக 2 கிலோ வாங்கி, மஞ்சள், மிளகாய், மல்லிப் பொடிகள், இஞ்சி பூண்டு, உப்பு பிசறிக் குக்கரில் வைப்பேன். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், கறியே விடும். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். போத்துக்கறி (எருமைக்கறி) என்றால் இன்னும் பத்து. பிறகு சீனச்சட்டியில் தேங்காயெண்ணெய், தேங்காய்க்கொத்து, உள்ளி (வெங்காயம்), கறிவேப்பிலை. கறியை இரண்டு தவணையாகத்தான் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நீராவியில் அவிந்து கிடக்கும், வறுபடாது. ஈரம் வற்றிய பிறகுதான் நிறம் ஏறும். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், கறி விழுந்ததும் சட்டி தணிந்துவிடுவதில்லை. முன்பு அலுமினியச் சட்டியில் செய்தபோது மசாலா அடிப்பிடிக்கும், கறியோ வெளுத்தே இருக்கும். பெருஞ்சீரகமும் மிளகும் இடித்தது கடைசியில்.

குறை இல்லையா? உண்டு. 2018-இல் யாரோ சொன்னார்கள் என்று தக்காளி சேர்த்தேன். புளிப்புப் பட்டதும் இரும்பு வாடை. அந்த வருஷம் ஒருவரும் மறுசோறு கேட்கவில்லை. மிச்சக் கறியை இரவு முழுக்க அதிலேயே விட்டாலும் இதே கதிதான். இடவப்பாதி மழைக் காலத்தில் எண்ணெய் தடவாமல் வைத்தால் துருவேறும். சுடச்சுடப் பச்சைத் தண்ணீர் ஊற்றியதில் என் தம்பி வீட்டுச் சட்டி இரண்டாகப் பிளந்தது. கனமோ சொல்லி முடியாது. என் மனைவி அதைத் தூக்குவதே இல்லை, கழுவுவது என் பாடு.

இவ்வளவுக்கும் நான் மாற்றப் போவதில்லை. மகள்தான் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். அவள் பெங்களூரு வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, உருண்டை அடி அதில் உட்காராது. தட்டை அடியில் ஒன்று கிடைக்குமா என்று அதே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை முழுப் பணமும் கையில்.