68,000 ரூபாய்க்குக் கருப்பு வெள்ளை அடித்த கதை: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

சற்று முன்னால்தான் தெரிந்தது. எங்கள் தெருமுனை டிங்கர் அண்ணன் வேஸ்ட் துணியில் தின்னரைத் தொட்டு, என் வண்டியின் கூரையில் இரண்டு தேய் தேய்த்தார். துணி முழுக்கக் கரி. "இது 2கே இல்லீங்க, தின்னர் பட்டாலே கரையுற என்.சி. பெயிண்ட். 2கேன்னா பெயிண்டை இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடிக்கிறது, காஞ்சதுன்னா இப்படிக் கரையாது" என்றார். நான் கொடுத்தது 68,000 ரூபாய். கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி அப்பாவுடைய பிரீமியர் பத்மினி. கோவையில் எங்கள் வீட்டில் இன்னும் அதற்குப் பெயர் பியட்தான். முழு வெள்ளை. கூரையும் ஜன்னல் தூண்களும் கருப்பு, ஜன்னலுக்குக் கீழே எல்லாம் வெள்ளை என்று ஆறு மாதமாக மனதுக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கன்னுக்குட்டி மாதிரி இருக்கும்டா" என்று அம்மா சிரித்தார். எனக்கு ஆசை கூடிவிட்டது.

பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் பட்டறை அது. பெயர் வேண்டாம். உள்ளே போனதும் டீ வந்தது. உரிமையாளர் பேச்சே கொடுக்காமல் ஒரு சாக்பீஸை எடுத்து, கதவின் மேல்விளிம்பை ஒட்டி, முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை ஒரே இழுப்பில் கோடு போட்டார். கொஞ்சமும் கை பிசகவில்லை. "இதுதான் சார் கோடு. இதுக்கு மேல கருப்பு, கீழ வெள்ளை. டூ டோன்ல வேலையே இந்தக் கோட்டுலதான் இருக்கு." அங்கேதான் விழுந்தேன். ஹார்டனர் டப்பாவைக்கூடக் காட்டினார். அதை என் வண்டிக்குத் திறந்தாரா என்று நான் ஏன் நின்று பார்க்கவில்லை! 40,000 முன்பணம் அப்போதே ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேருமே சார், எதுக்கு?" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆனி கடைசியில் வண்டி தந்தார்கள். இரவு எட்டு மணி, டியூப்லைட் வெளிச்சம், பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த கருப்பு. முகம் பார்க்கலாம் போல மின்னியது. மீதி 28,000 ரொக்கம்.

மறுநாள் வெயிலில் பார்த்தால் கூரையில் பட்டி போட்ட இடமெல்லாம் அலை அலையாகத் தெரிகிறது. வெள்ளை மேடுபள்ளத்தை மறைத்துவிடும், கருப்பு காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் கோடு? வெள்ளை முழுசாகக் காயும் முன்பே அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டியிருக்கிறார்கள். உரித்தபோது வெள்ளையும் சேர்ந்து பல் பல்லாக உரிந்திருக்கிறது. உரிந்த இடத்தையெல்லாம் பிரஷ்ஷால் தொட்டு மறைத்திருக்கிறார்கள். பிரஷ்ஷால், சார்! சுவருக்கு அடிப்பது போல. கண்ணாடி ரப்பரைக் கழற்றவே இல்லை, அதன் மேலும் கருப்புத் தூறல்.

போன் செய்தேன். "இன்னும் செட் ஆகலை சார், ஒரு மாசம் போகட்டும்." மூன்றாம் வாரம் கூரையில் கொப்புளம். "வெயில்ல நிறுத்தினீங்களா?" கார் வேறு எங்கே நிற்கும், பீரோவுக்குள்ளா? அடுத்து, "ஆடி முடியட்டும் சார், ஆவணியில நல்ல நாள் பார்த்து எடுத்துடலாம்." ஆவணியும் பிறந்தது. இப்போது ஒரு பையன் எடுத்து, "ஓனர் மதுரை போயிருக்கார்" என்கிறான். நேரில் போனால் ஓனரின் புல்லட் வாசலிலேயே நிற்கிறது. அப்போதும் மதுரைதான்.

68,000 ரூபாய். திரும்ப ஒழுங்காக அடிக்க வேண்டுமென்றால் கூரையில் தகரம் வரை சுரண்டி, பிரைமரிலிருந்து தொடங்க வேண்டுமாம். அதற்கு இன்னொரு தொகை.

டூ டோன் அடிப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. இவ்வளவுதான்: என்ன பெயிண்ட் என்பதை எழுதி வாங்குங்கள், கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டியைப் பகலில் மட்டும் எடுங்கள். 18 சதவீதம் போனாலும் பில் வாங்குங்கள். ஆர்சியில் நிறம் எழுதியிருக்கிறது, மாற்றும் முன் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள். "மேல மட்டும்தானே சார்" என்று பட்டறைக்காரர் சொன்னதை நம்பி நான் கேட்கவில்லை, அடுத்த எப்.சி.யை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப்போகிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கையில் இருக்கும் ஆதாரம் 40,000-க்கான ஜிபே ரசீதும் இந்தக் கரித்துணியும்தான். ரொக்கமாகக் கொடுத்த 28,000-க்கு என்ன காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.