இத்தாலியப் போர்ச்சினி உலர்காளான்: 40 கிராம் பொட்டலம் ஒன்றின் மதிப்பீடு

சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்த 663 சீன முதியவர்களிடம் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு இரண்டு பங்குக்கு (சேர்த்து ஏறத்தாழ அரைத் தட்டு) மேல் காளான் உண்டவர்களுக்கு இலேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியளவே காணப்பட்டது. அதைப் படித்த நாள் முதல், எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்காக எங்கள் வீட்டில் வாரம் இருமுறை காளான் சமைக்கிறோம். காளான்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை என்பதும், அதில் கணக்கிடப்பட்டவை கடையில் எளிதாகக் கிடைக்கும் வகைகளே என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் காட்டுக் காளான் ஒன்றையும் பார்த்துவிடலாம் என்று, 14 வெள்ளி கொடுத்து இந்தப் பொட்டலத்தை வாங்கினேன்.

போர்ச்சினியைப் பண்ணையில் வணிக அளவில் வளர்க்க முடிவதில்லை. பைன், ஓக், பீச் போன்ற மரங்களின் வேர்களோடு ஒட்டி வாழ்ந்து, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்று, மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் மரத்துக்குக் கொடுக்கும் பூஞ்சை அது. ஆகவே கடைக்கு வருவது ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் காட்டில் குனிந்து பறித்தது. விலையில் பெரும்பங்கு அந்த உழைப்புக்கே போகிறது என்றால் எனக்கு மனக்குறை இல்லை.

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டியபோது பெரும்பாலானவை நீளவாக்கில் சீவிய முழுத் துண்டுகளாக இருந்தன. சதை வெளிர்மஞ்சளாகவும், குடையின் விளிம்பு பழுப்பாகவும் இருந்தது நல்ல அடையாளம். ஏழெட்டுத் துண்டுகளில் குடையின் அடிப்பகுதி கரும்பச்சையாக மாறியிருந்தது. அவை முற்றிய காளான்கள். நான்கு துண்டுகளில் ஊசிமுனை அளவுப் புழுத் துளைகள் தெரிந்தன. காட்டுப் பொருளில் அது இயல்புதான், ஆனால் இந்த விலைக்கு இன்னும் கவனமாகப் பொறுக்கியிருக்கலாம்.

பொட்டலத்தின் முகப்பில் 'புரதம் மிகுந்தது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பின்புற அட்டவணையில் 100 கிராமுக்கு 28 கிராம் என்று உள்ளது. ஒரு வேளைக்கு நாம் போடுவதோ 10 கிராம். கிடைப்பது மூன்று கிராமுக்கும் குறைவு. புரத அளவை, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து ஓர் எண்ணால் பெருக்கித்தான் கணக்கிடுகிறார்கள். காளானின் நைட்ரஜனில் ஒரு பகுதி கைட்டின் முதலிய, புரதமல்லாத பொருள்களில் இருப்பதால், வழக்கமான 6.25க்குப் பதிலாக 4.38ஆல் பெருக்குவதே பொருத்தம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 28 இன்னும் கீழே இறங்கக்கூடும். புரதத்துக்குப் பருப்பு போதும். இதை அதற்காக வாங்க வேண்டாம்.

இதன் உண்மையான பெருமையைப் பொட்டலம் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். எர்கோதயோனின் என்னும் ஆக்சிஜனேற்றத் தடுப்பியை (உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் பொருளை) நம் உடலால் உருவாக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அதைக் குடலிலிருந்து உள்ளிழுத்து உயிரணுக்களுக்குள் கொண்டுசேர்க்கத் தனியாக ஒரு கடத்திப் புரதம் நமக்கு இருப்பது 2005இல் கண்டறியப்பட்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2017இல் 13 காளான் இனங்களை அளந்தபோது, உலர் எடையில் கிராமுக்கு 0.15 மில்லிகிராம் முதல் 7.27 மில்லிகிராம் வரை எர்கோதயோனின் இருந்தது. உச்சத்தில் நின்றது போர்ச்சினி. மற்றோர் ஆக்சிஜனேற்றத் தடுப்பியான குளூட்டாதயோனிலும் அதுவே முதலிடம். அந்த உச்ச அளவை வைத்துப் பார்த்தால் 10 கிராமில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் கிடைக்கும். இடத்துக்கு இடம் அளவு மாறும் என்றாலும், நாம் கொடுக்கும் விலைக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது.

எர்கோதயோனின் வெப்பத்தைத் தாங்கும், நீரில் கரையும். ஆகவே ஊறவைத்த நீரைக் கொட்டவே கூடாது. இளஞ்சூட்டு நீரில் இருபது நிமிடம் ஊறியபின் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கிய நீரை, பழைய வேட்டித் துணியில் வடித்தேன். துணியில் அரைத் தேக்கரண்டி மணல் தங்கியது. வடிக்காமல் விட்டால் வாயில் நறநறக்கும். அந்த நீரையே உலைநீராக்கிச் சின்ன வெங்காயமும் மிளகும் தாளித்துச் சோறு பொங்கினேன். "கோழிச்சாறு ஊத்தினியா?" என்று கேட்டார் அம்மா, அடுப்பருகே வந்து நின்று.

பொட்டலத்தில் பறித்த ஆண்டு இல்லை. 'இத்தாலியில் பொதியப்பட்டது' என்பதைத் தவிர விளைந்த நாடும் இல்லை. இவ்விரண்டும் சில்லறைக் குறைகள் அல்ல. இலண்டனில் வாங்கிய ஒரு போர்ச்சினிப் பொட்டலத்தின் 15 துண்டுகளை கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்து, அறிவியல் அதுவரை பெயரிடாத மூன்று இனங்கள் அதில் இருந்ததை 2014இல் வெளியிட்டனர். அவை சீனாவிலிருந்து வந்தவை. உண்ணத் தக்கவையே என்றாலும், வாங்குபவருக்குத் தெரியாமல் எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம் என்பதை அது காட்டியது. போர்ச்சினி மண்ணிலுள்ள செலினியம் என்னும் தாதுவைப் போலவே பாதரசத்தையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கடைக்காரரிடம் கேட்டேன், இறக்குமதியாளரிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார், இரண்டு மாதமாகப் பதில் இல்லை.

சுவைக்கும் சத்துக்கும் ஐந்தில் நான்கு, பொட்டலத்தின் நேர்மைக்கு இரண்டு. அடுத்த முறை விளைந்த நாட்டை அச்சிட்டிருக்கும் பொட்டலம் கிடைத்தால், இரண்டு வெள்ளி கூடுதலானாலும் அதைத்தான் எடுப்பேன்.