மெர்ஜா, ரீபேஸா, ஸ்குவாஷா? பிழை தேடும் நாளை வைத்து ஓர் அலசல்

கோட் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி கிட். அதில் எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளையான மெயினிலிருந்து ஒரு பிராஞ்ச் (தனி வேலைக்கான கிளை) பிரிகிறது. அதில் 6 கமிட் (பதிவுசெய்த மாற்றங்கள்). அந்த வேலை முடிவதற்குள் மற்றவர்களின் 4 கமிட் மெயினில் ஏறிவிட்டன. இப்போது அந்த ஆறையும் மெயினில் சேர்க்க கிட்டில் மூன்று வழிகள் உண்டு.

மெர்ஜ் செய்தால், இரண்டு பெற்றோர் கொண்ட ஒரு புது கமிட் உருவாகும். பழைய ஆறும் ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறி) மாறாமல் அப்படியே இருக்கும். ரீபேஸ் செய்தால், ஆறின் மாற்றங்களும் மெயினின் நுனியில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதப்படும். ஹேஷைக் கணக்கிடும்போது பெற்றோர் கமிட்டும் சேர்வதால், செய்த மாற்றத்தில் ஓர் எழுத்துகூட வேறுபடாவிட்டாலும் ஆறுக்கும் புது ஹேஷ் வந்துவிடும். ஸ்குவாஷ் செய்தால், ஆறின் மொத்த மாற்றமும் ஒற்றைப் பெற்றோர் கொண்ட ஒரே கமிட்டாக மெயினில் விழும். அந்த ஆறுக்கும் மெயினுக்கும் அதன்பின் எந்தத் தொடர்பும் இல்லை.

கான்ஃப்ளிக்டுகளை (ஒரே இடத்தை இரு பக்கமும் மாற்றியதால் வரும் மோதல்களை) ஒரே மாதிரி தீர்த்திருந்தால், கடைசியில் மெயினில் இருக்கும் கோட் மூன்றிலும் ஒன்றேதான். வேறுபடுவது வரலாறு மட்டும். வரைபடத்தில் அது நேர்கோடாக, அழகாகத் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் பல டீம்களில் விவாதம் நடக்கிறது. அந்த அளவுகோல் போதாது. எட்டு மாதம் கழித்து ஒரு பிழை தலைதூக்கும்போது, அந்தக் கோட் எழுதாத ஒருவர் காரணத்தை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கிறார் என்பதே சரியான அளவுகோல்.

பைசெக்ட் ஓட்டும்போது

'கிட் பைசெக்ட்' கமிட் வரிசையைப் பாதி பாதியாக வெட்டித் தேடும். 1,000 கமிட் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனையில் குற்றவாளி கமிட் சிக்கிவிடும். ஆனால் சிக்கும் கமிட் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஸ்குவாஷ் செய்த மெயினில் தேடல் சீக்கிரம் முடியும். ஒவ்வொரு கமிட்டும் சிஐ எனும் தானியங்கிச் சோதனையைத் தாண்டி வந்தது என்பதால் பில்ட் உடைந்த கமிட்டுகளும் குறைவு. சிக்கிய கமிட் 40 வரி என்றால் பிழை கண்ணெதிரே நிற்கும். அதுவே 1,800 வரி, 35 ஃபைல் என்றால் பைசெக்ட் உங்களை வாசல்வரை மட்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. உள்ளே தேடுவது உங்கள் பாடு.

ரீபேஸில் கமிட்டுகள் சிறியவை, அது பெரிய வசதி. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ரீபேஸால் உருவான நடு கமிட்டுகளை யாரும் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். மெயினில் ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறியிருக்கிறது, உங்கள் இரண்டாவது கமிட் பழைய பெயரையே அழைக்கிறது, அதை ஆறாவது கமிட்டில் சரிசெய்கிறீர்கள் என்று வையுங்கள். வெவ்வேறு ஃபைல் என்பதால் கான்ஃப்ளிக்ட் வராது. ஆனால் 2 முதல் 5 வரையான கமிட் எதுவும் கம்பைல் ஆகாது. பைசெக்ட் அங்கே போய் விழுந்தால் ஸ்கிப் செய்துகொண்டே நகர வேண்டியதுதான். இதற்கு மருந்து 'கிட் ரீபேஸ் --எக்ஸெக்'. அதில் டெஸ்ட் கமாண்டைக் கொடுத்தால், ஒவ்வொரு கமிட்டையும் மேலே வைத்தபிறகு கிட் அதை ஓட்டும். தோற்ற இடத்திலேயே நின்றுவிடும். அங்கேயே திருத்தி, 'கமிட் --அமெண்ட்' செய்து, '--கண்டினியூ' கொடுத்தால் போதும்.

மெர்ஜில் ஒவ்வொரு கமிட்டும் எழுதியவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்த அதே நிலையில் பத்திரமாக இருக்கிறது. இரு பக்கமும் தனித்தனியே சரி, சேர்ந்ததால்தான் உடைந்தது என்றால் பைசெக்ட் மெர்ஜ் கமிட்டையே கைகாட்டும். இந்தத் தகவலுக்கு நிறைய மதிப்பு உண்டு. மற்ற இரண்டு முறைகளிலும் அது அழிந்துவிடும். கிட் 2.29 முதல் பைசெக்டுக்கு '--ஃபர்ஸ்ட்-பேரண்ட்' உண்டு. முதலில் எந்த பிராஞ்ச் என்று பிடித்துவிட்டு, பிறகு அதற்குள் இறங்கலாம். 'கிட் லாக் --ஃபர்ஸ்ட்-பேரண்ட்' என்று பார்த்தால் மெர்ஜ் நிறைந்த வரலாறும் பிராஞ்சுக்கு ஒரு வரியாகச் சுருங்கிவிடும். மெர்ஜ் வரலாறு வலைப்பின்னல் போலக் குழம்பியிருக்கிறது என்ற குறைக்கு இந்த ஓர் ஆப்ஷனே பெரும்பாலும் பதில்.

கான்ஃப்ளிக்ட் எத்தனை முறை

மெர்ஜில் ஒரே முறை. ரீபேஸில் கமிட் வாரியாக வரும். ஒரே ஃபைலை 6 கமிட்டும் தொட்டிருந்தால் 6 முறைகூட நிற்கலாம். இரண்டு வழிகளில் இதைக் குறைக்கலாம். ஒன்று, ரீபேஸுக்கு முன்பே பிராஞ்சுக்குள் கமிட்டுகளைச் சுருக்கிக்கொள்வது. மற்றொன்று 'ரெரெரெ'. கான்ஃபிக்கில் 'ரெரெரெ.எனேபிள்ட்' என்பதை ட்ரூ ஆக்கினால், ஒருமுறை தீர்த்த கான்ஃப்ளிக்டை கிட் நினைவில் வைத்து அடுத்தமுறை தானே நிரப்பும். தவறாகத் தீர்த்தாலும் அதையே நிரப்பும். அப்போது அந்த ஃபைலுக்கு 'கிட் ரெரெரெ ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகத் தீர்க்க வேண்டும்.

பேக்கேஜ் லாக் ஃபைல்களில் (பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பதிப்புகளைக் குறித்துவைப்பவை) கான்ஃப்ளிக்ட் வந்தால் கையால் தீர்க்கவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் என்றால், பேக்கேஜ் ஃபைலை மட்டும் சரிசெய்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டினால் லாக் ஃபைல் சரியாகிவிடும்.

ரீபேஸில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் 'அவர்ஸ்' (நம்முடையது), 'தெய்ர்ஸ்' (அவர்களுடையது). உங்கள் பிராஞ்சில் நின்று மெயினை மெர்ஜ் செய்யும்போது அவர்ஸ் என்பது உங்கள் கோட். ரீபேஸில் அது தலைகீழ்: கிட் முதலில் மெயினின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறது. ஆகவே அவர்ஸ் என்பது மெயின், தெய்ர்ஸ் என்பது நீங்கள் எழுதியது. இதை மறந்து 'செக்அவுட் --அவர்ஸ்' கொடுத்தால் அந்த ஃபைலில் உங்கள் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இன்னொரு பொறி: நடுவில் இரண்டு மூன்று முறை மெயினை உங்கள் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்திருந்தால், அதன்பிறகு வரும் சாதாரண ரீபேஸ் அந்த மெர்ஜ் கமிட்டுகளைக் கழற்றிவிடும். அவற்றில் நீங்கள் தீர்த்துவைத்த கான்ஃப்ளிக்டுகள் திரும்ப வந்து நிற்கும். ஒரு பிராஞ்சில் தொடக்கம் முதல் முடிவுவரை இரண்டில் ஏதாவது ஒன்றையே பின்பற்றுங்கள்.

ஃபோர்ஸ் புஷ்

ஏற்கெனவே புஷ் செய்த (ரிமோட் எனும் பொதுச் சர்வருக்கு அனுப்பிய) பிராஞ்சை ரீபேஸ் செய்தால், அங்கிருப்பதை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் தவிர்க்க முடியாது. வெறும் '--ஃபோர்ஸ்' கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' கொடுத்தால், நீங்கள் கடைசியாக ஃபெட்ச் செய்த (ரிமோட்டிலிருந்து இறக்கிய) நிலையில்தான் ரிமோட் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தபின்பே எழுதும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால், நீங்கள் பார்க்காத கமிட்டும் 'பார்த்தது' என்று கணக்காகிவிடும். கிட் 2.30-இல் வந்த '--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஓட்டை அடைபடும்.

ரீபேஸ் நடுவில் குழம்பினால் 'கிட் ரீபேஸ் --அபார்ட்'. முடிந்தபிறகு தவறு தெரிந்தால் அந்த பிராஞ்சின் ரிஃப்ளாக்கை (நுனி எங்கெல்லாம் நகர்ந்தது என்ற பதிவேடு) பாருங்கள், முந்தைய பதிவு ரீபேஸுக்கு முந்தைய நுனி. 'ரீசெட் --ஹார்ட்' மூலம் அங்கே திரும்பிவிடலாம். இப்படி அநாதையான கமிட்டுகளின் ரிஃப்ளாக் பதிவுகளுக்கு இயல்பான ஆயுள் 30 நாள். கமிட் செய்யாத மாற்றங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

திரும்பப் பெறுவது

இதில் ஸ்குவாஷ் தெளிவாக ஜெயிக்கிறது: ஒரே 'ரிவர்ட்', வேலை முடிந்தது. ரீபேஸ் செய்து சேர்த்ததில் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

மெர்ஜை 'ரிவர்ட் -எம் 1' என்று திருப்பலாம். ஆனால் அதன் பின்விளைவைப் பலர் அறிவதில்லை. பிராஞ்சில் பிழையைத் திருத்தி மீண்டும் மெர்ஜ் செய்தால், புதிய திருத்தம் மட்டுமே வரும். பழைய 6 கமிட்டும் ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதால் கிட் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும்.

ஸ்குவாஷுக்குப் பிறகு அதே பிராஞ்சில்

தொடர வேண்டாம். ஸ்குவாஷ் கமிட்டுக்கும் அந்த பிராஞ்சுக்கும் உறவு இல்லாததால், அடுத்த மெர்ஜில் பழைய பிரிவுப் புள்ளியிலிருந்தே கிட் ஒப்பிடத் தொடங்கும். முடிந்துபோன வேலைக்கே கான்ஃப்ளிக்ட் வரும். 'பிராஞ்ச் -டி' கொடுத்தால் 'இன்னும் மெர்ஜ் ஆகவில்லை' என்று மறுப்பதற்கும் இதே காரணம்தான். ஒரு பிராஞ்சின் மேல் இன்னொன்று கட்டியிருந்தால், கீழேயுள்ளது ஸ்குவாஷ் ஆனதும் மேலேயுள்ளதை 'கிட் ரீபேஸ் --ஆன்ட்டூ மெயின் கீழ்-பிராஞ்ச் மேல்-பிராஞ்ச்' என்று நகர்த்துங்கள். கீழ் பிராஞ்சை அழிக்கும் முன் இதைச் செய்வது முக்கியம்.

எதை எங்கே

தன் பிராஞ்சுக்குள், ரிவ்யூவுக்கு அனுப்பும் முன்: ரீபேஸ். திருத்தங்களை 'கமிட் --ஃபிக்ஸப்' என்று போட்டுவிட்டு, கடைசியில் 'ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ்' ஓட்டினால் அவை உரிய கமிட்டோடு தானே சேர்ந்துகொள்ளும். இருவர் சேர்ந்து வேலைசெய்யும் பிராஞ்சில் ரீபேஸ் கூடாது. 2005-இல் எந்தத் திட்டத்துக்காக கிட் எழுதப்பட்டதோ அந்த லினக்ஸ் கெர்னலிலும், பிறர் எடுத்துப் பயன்படுத்தும் கமிட்டுகளை ரீபேஸ் செய்யக்கூடாது என்பதுதான் வழிகாட்டல்.

மெயினில் சேர்க்கும்போது: 'டைப்போ', 'மறுபடியும் முயற்சி' என்ற வகையில் கமிட் நிறைந்த சிறிய வேலைக்கு ஸ்குவாஷ். ஒவ்வொரு கமிட்டும் தனியாகப் பொருள் தரும், தனியாக பில்ட் ஆகும் பெரிய வேலைக்கு '--நோ-எஃப்எஃப்' கொடுத்து (மெர்ஜ் கமிட் கட்டாயம் உருவாகும்படி) மெர்ஜ். எல்லா வேலைக்கும் ஸ்குவாஷ் மட்டுமே என்று ரெப்போவின் (கோட் களஞ்சியத்தின்) அமைப்பில் பூட்டிவைப்பதை நான் ஏற்கவில்லை. கமிட்டுகளைச் சீராகப் பிரித்து எழுதியவரின் உழைப்பை அது மெயினில் ஏறும் கணத்திலேயே கரைத்துவிடுகிறது.

கிட்ஹப்பின் 'ரீபேஸ் அண்ட் மெர்ஜ்' பொத்தான் பற்றி ஒரு குறிப்பு. பிராஞ்ச் ஏற்கெனவே மெயினின் நுனியில் இருந்தாலும்கூட அது கமிட்டுகளைப் புதிதாக எழுதி, புது ஹேஷ் தரும். கமிட்டுகளில் நீங்கள் போட்ட டிஜிட்டல் கையொப்பம் அதில் தங்காது. கையொப்பம் கட்டாயமான ரெப்போவில், கமாண்ட் லைனில் ரீபேஸ் செய்து கையொப்பமிட்டபின் மெர்ஜ் கமிட் வழியாகச் சேர்ப்பதுதான் வழி.