‘வீல்சேர் ஸ்பெஷல்’ பவுடர் கிட்: பணம் கொடுக்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சென்னையில் வீல்சேர் பாஸ்கெட்பால், ரேசிங் பயிற்சிக்கு வருபவர்களைத் தேடிப் பிடித்து நாலு டப்பா கொண்ட கிட் ஒன்றை விற்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர், ஜிபேயில் பணம், பில் கிடையாது. ‘வீல்சேர் ஸ்பெஷல்’ என்பது மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும்தான். அதை உரித்தால் ஜிம்முக்கு வரும் எல்லோருக்கும் விற்கிற அதே சரக்கு.

முதலில் ப்ரீ-வொர்க்அவுட், அதாவது பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பவுடர். ஸ்கூப்புக்கு 300 மி.கி. கஃபீன், ‘மேட்சுக்கு முன்னால் ரெண்டு ஸ்கூப் போடுங்க’ என்று வாய்வழி அறிவுரை. விளையாட்டில் சொல்லும் அளவே உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. 50 கிலோ ஆளுக்கு ஒரு ஸ்கூப்பிலேயே உச்சவரம்பு வந்துவிடுகிறது, இரண்டு போட்டால் கிலோவுக்கு 12 மி.கி. அந்த அளவும் பெரும்பாலும் காலால் ஓடுபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களை வைத்துக் கண்டது. தண்டுவடக் காயம் மேலே போகப் போக வியர்க்கும் பரப்பு குறையும், உடல் சூடு இறங்காது. சிறுநீர்ப்பைக்கு ஆக்ஸிபியூட்டினின் சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையே வியர்வையை இன்னும் குறைக்கும், கஃபீனோ சிறுநீர்ப்பையைக் கிளறிவிடும். மே மாதச் சென்னையில் இது விளையாட்டல்ல.

முகம் சிவந்து குறுகுறுத்தால் ‘பவுடர் வேலை செய்யுது’ என்பார்கள். அது பவுடரில் கலந்த நியாசின் என்ற வைட்டமினும் பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலமும் செய்கிற வேலை. T6 (மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவருக்கு முகச் சிவப்போடு மண்டையிடி வந்தால் பவுடர் என்று விட்டுவிடக் கூடாது. அது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியாவாக இருக்கலாம், காயத்துக்குக் கீழே ஏற்படும் தொந்தரவால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும் ஆபத்து நிலை அது. நிமிர்ந்து உட்கார வையுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், கத்தீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். அழுத்தம் இறங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

இரண்டாவது, பாலிலிருந்து எடுக்கும் வே புரத டப்பாவில் ஸ்கூப்புக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. அமினோ அமிலப் பட்டியலில், தசை வளரத் தேவையான லூசின் 1.1 கிராம்தான். நல்ல வேயில் புரதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லூசின், அதாவது 2.4 கிராம் பக்கம் இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதக் கணக்கு போடுவது வழக்கம். மலிவான அமினோ அமிலமான கிளைசினைக் கலந்தால் அதுவும் புரதமாக ஏறிவிடும். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில்தான் வரும். கிளைசினோ, அதைப் போல நைட்ரஜன் கணக்கை ஏற்றும் டாரினோ மேலேயே நின்றால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, தசைக்குச் சட்டென சக்தி தரும் என்று விற்கும் கிரியேட்டின். அது அசலாகவே இருக்கலாம். ஆனால் 800 மீட்டர் வீல்சேர் ஓட்டத்தில் சோதித்தபோது நேரம் குறையவில்லை. நாளுக்கு 20 கிராம் ‘லோடிங்’ (தொடக்கத்தில் சில நாள் அதிகமாகப் போடுவது) செய்தால் நீர் சேர்ந்து எடை ஏறும், அதையும் தோள்தான் தள்ள வேண்டும். சிறுநீரகத்தைப் பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினினும் கூடிக் காட்டும், எனவே பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பலருக்கு உண்மையில் குறைவது வைட்டமின் டி. கிட்டில் அது இல்லை!

நாலாவது டப்பா, லேபிள் இல்லாத ‘டெஸ்ட் பூஸ்டர்’, அதாவது டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைக் கூட்டும் என்று விற்கும் கேப்சூல். போட்டிக்குப் போகிறவர் இதைத் தொடவே கூடாது. உடம்பில் தடைப் பொருள் இருந்தால், எப்படி வந்தது என்பது தப்பிக்க வழி ஆகாது. 2011-இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய இந்தியத் தொடர் ஓட்ட வீராங்கனைகள் ஜின்செங் கேப்சூலைக் காரணம் சொன்னார்கள். தடை கடைசியில் 2 ஆண்டு என்று முடிந்தது. மெத்தில்ஹெக்சானமின், டிஎம்ஏஏ, ஜெரானியம் சாறு எல்லாம் போட்டியில் தடை செய்யப்பட்ட ஒரே ஊக்கப் பொருளுக்கு லேபிளில் போடும் பெயர்கள்.

வாங்குவதானால் டப்பாவில் உள்ள 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணை ஆணையத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள், நிறுவனப் பெயர் ஒத்துப்போக வேண்டும். தடைப் பொருள் கலப்பு இல்லை என்று சோதித்துத் தரும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ முத்திரை இருந்தால் பேட்ச் எண்ணையும் அவர்கள் தளத்தில் பாருங்கள், முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் மீதிப் பவுடரைக் கொட்டாதீர்கள். டப்பா, பேட்ச் எண், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் நாலையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.