கண்ணாடி பாட்டில் பால்: மும்பை செம்பூரில் மூன்று வருட அனுபவம்

பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு கண்ணாடி பாட்டில் பசும்பாலுக்கு மாறி இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. பாக்கெட்டைவிட விலை ஜாஸ்திதான், ஆனாலும் விட மனசு வரவில்லை.

ருசிதான் முதல் காரணம். ஹோமோஜினைஸ் செய்யாத, அதாவது ஏடு தனியாகப் பிரியாதபடி கொழுப்பை உடைத்துக் கலக்காத பால், அதனால் காலையில் எடுக்கும்போதே பாட்டில் கழுத்தில் ஒரு விரற்கடைக்குப் பாலேடு நிற்கும். அப்படியே ஊற்றினால் ஏடு முழுக்க முதல் டம்ளருக்கே போய்விடும், திறப்பதற்கு முன் இரண்டு தரம் கவிழ்த்து நிமிர்த்துங்கள். தயிர் கத்தியால் வெட்டலாம் போலத் தோய்கிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் பழைய கதை. வளர்ந்தது மாட்டுங்காவில். நகரத்துக்குள் தொழுவங்களில் இருந்த எருமைகளை வெளியே கொண்டுபோக 1949இல் கோரேகாவில் ஆரே பால் காலனி அமைத்தார்களே, அங்கிருந்து வரும் பாலும் கண்ணாடி பாட்டில்தான், அலுமினியத் தாள் மூடியோடு. விடிவதற்கு முன் பால் கார்டும் காலி பாட்டிலுமாக வரிசையில் நிற்பார்களாம். எருமைப்பாலில் பால்பவுடரும் தண்ணீரும் கலந்து கொழுப்பைக் குறைத்து, நிறையப் பேருக்குக் கட்டுப்படியாகிற மாதிரி டோன்டு பால் கொண்டுவந்தது பம்பாயின் பால் கமிஷனராக இருந்த குரோடி. 1963இல் அமுல் குரியன், திரிபுவன்தாஸ் படேல் இருவரோடும் சேர்ந்து மகசேசே விருது வாங்கியவர் இந்தக் குரோடி. அவர் பேரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை என்று எனக்கு வருத்தம்தான்.

குறைகளும் உண்டு. போன மே மாதம் வந்த ஒரு பாட்டிலின் அடியில் காய்ந்த பால் வளையமாக ஒட்டியிருந்தது, போட்டோ அனுப்பியும் பணம் திரும்பி வர பன்னிரண்டு நாள். அப்புறம் வெயில். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது, ஒருநாள் எட்டு மணி வரை எடுக்காமல் விட்டதில் பாலில் ஏதோ அட்டை வாசனை. வெளிச்சம் பட்டால் பாலில் உள்ள ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, சிதையும், ருசியும் கெடும். கண்ணாடியின் பெரிய குறையே இதுதான். இப்போது கெட்டியான காடாத் துணிப்பை ஒன்றைக் கதவில் மாட்டி, "பையா, இதுக்குள்ளேயே வெச்சிடுங்க" என்று பால் போடுபவரிடம் இந்தியில் சொல்லிவைத்திருக்கிறேன்.

காலி பாட்டிலைத் தீர்ந்தவுடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீரை முதலில் ஊற்றினால் பால் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். ஊருக்குக் கிளம்புவதானால் முந்தின நாளே ஆர்டரை நிறுத்திவிட்டு, காலி பாட்டில்களையும் மறக்காமல் வாசலில் வைத்துவிடுங்கள்.