வெள்ளைக்கல் குழிக்கு எலெக்ட்ரிக் டிப்பர் எடுபடுமா?

எலெக்ட்ரிக் டிப்பர் விற்க வருபவர் முதலில் நீட்டுவது, டிரிப்புக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற தாளை. அதைப் படிக்கும் முன் லோடோடு வண்டி மேடேறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சேலம் கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கத்துக் குழிகளில் வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) டூனைட் பாறையும் மேலேறித்தான் வெளியே வரும். சேர்வராயன் மலை பாக்சைட்டோ மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கீழே இறங்கிப் போன சரக்கு. ஒரே வண்டிக்கு இந்த இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது.

மொத்த எடை 28 டன் வரும் பத்துச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். டீசல் டிப்பர் காலியாக ஏறத்தாழ 12 டன், லோடு 16. எலெக்ட்ரிக்கில் 280 யூனிட் பேட்டரியே கிட்டத்தட்ட 2 டன் இருக்கும். அது லோடில்தான் கழியும். காலி 14, லோடு 14 என்று வையுங்கள். டீசலில் 100 டிரிப்பில் முடிகிற வேலைக்கு இதில் 114 டிரிப். இந்த 14 டிரிப் எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது.

குழி 50 மீட்டர் ஆழம். சுரங்கப் பாதைக்கு வழக்கமான சரிவு 16-க்கு 1. சிறு ரேம்ப் என்றால் 10-க்கு 1 வரை போகலாம். 16-க்கு 1 என்றால் மேலே வர 800 மீட்டர் ஓட வேண்டும். 28 டன்னை 50 மீட்டர் தூக்க 3.8 யூனிட். இறுகிய பாதையில் டயர் உருள்வதற்கு இன்னொரு 1.2 யூனிட். ஆக, சக்கரத்தில் மட்டும் 5 யூனிட். காலியாக இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்துப் பேட்டரிக்குத் திரும்புவது 1 யூனிட்டைத் தொட்டாலே பெரிது.

அதே பாதை மழையில் குழம்பிக் கிடந்தால் உருளும் தடை 2 சதவீதத்திலிருந்து 5-க்குப் போகும். 5 யூனிட் 6.8 ஆகிவிடும். டீசல் வண்டியும் இதே விகிதத்தில்தான் குடிக்கும். புது வண்டி வாங்கும் முன் பாதையைச் சமன் செய்யும் கிரேடரையும் தண்ணீர் லாரியையும் ஒழுங்காக ஓட்டிப் பாருங்கள். இதைவிட மலிவான சிக்கனம் கிடையாது. தண்ணீரையும் அளவாகத் தெளிக்க வேண்டும். ரேம்பில் வழிய விட்டால் டயர் வழுக்கும், ரோடும் கரையும்.

இறங்கு லோடு என்றால் கதையே வேறு. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 28 டன் அவ்வளவு தூரம் இறங்கினால் 91 யூனிட் ஆற்றல் வெளிப்படும். காலி வண்டியை அந்த உயரத்துக்குத் திரும்பத் தூக்க அதில் பாதிதான் தேவை. சுவிட்சர்லாந்தில் பீல் அருகே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் 45 டன்னாக ஏறி 110 டன்னாக இறங்கும் பேட்டரி டம்ப்பர் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. ஒரு பொறி உண்டு: மேலே முழு சார்ஜ் ஏற்றிவிட்டு லோடோடு கிளம்பினால், மோட்டார் பிரேக் தரும் மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக் லைனிங்கே வேலை செய்து சூடேறிப்போகும். எனவே சார்ஜர் கீழேதான் இருக்க வேண்டும். மேலே வைத்தே ஆக வேண்டுமென்றால் 70 சதவீதத்தில் நிறுத்துங்கள். லைனிங் நெடுநாள் வரும் என்பது உண்மை. ஆனால் பிடிப்பு முழுக்கப் பின்சக்கரத்தில் விழுவதால் பின் டயர் சீக்கிரம் தேயும்.

டிப்பருக்குப் பதில் கன்வேயர் பெல்ட் போடலாமே என்பார்கள். 18 டிகிரி சாய்வில் 50 மீட்டர் ஏற பெல்ட்டுக்கு 160 மீட்டர் போதும். காலி வண்டியின் எடையைச் சுமக்கும் வேலையும் இல்லை. ஆனால் கல் 200 மில்லிமீட்டருக்குள் உடைபட வேண்டும், அதற்குக் குழியிலேயே கிரஷர் வேண்டும். வெள்ளைக்கல் கையால் பொறுக்கிக் கட்டியாகச் சூளைக்குப் போகிற சரக்கு. உடைத்துத் தூளாக்கினால் விலை விழும். கழிவுப் பாறைக்குப் பெல்ட் சரி, அதுவும் கல் வெட்டும் முகம் ஒரே பக்கம் நிலைத்திருந்தால். கூரான டூனைட் சரிவுத் தொட்டியிலிருந்து (chute) விழும் இடத்தில் பெல்ட் கிழியும். அங்கே அடியைத் தாங்கும் இம்பாக்ட் ரோலரை நெருக்கி வைத்து, பெல்ட்டுக்கு எம்-24 தர மேலுறை ரப்பர் போடுங்கள்.

பெட்டியின் அளவிலும் ஏமாறலாம். உடைத்த கல் கன மீட்டருக்குச் சுமார் 1.7 டன். 14 டன்னுக்கு 8 கன மீட்டர்தான் ஆகும். 16 கன மீட்டர் பெட்டியை வாங்கினால் பொக்லைன் ஓட்டுநர் நிரப்பித்தான் அனுப்புவார். 27 டன் ஏறிவிடும். சிறிய பெட்டி போதும், எஃகு எடையும் குறையும்.

எல்லா வண்டியும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாகச் சார்ஜ் போட்டால், ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சாரத்துக்கான கட்டணம் (டிமாண்ட் சார்ஜ்) எகிறும். மாறி மாறிப் போடுங்கள். வண்டியில் செருகும் சார்ஜர் கன்னில் வெள்ளைத் தூசி படிந்தால் அதன் முள் (pin) சூடாகும், மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். சோதனை ஓட்டம் கேளுங்கள்: உங்கள் ரேம்பில், உங்கள் லோடில், முழு ஷிஃப்ட். யூனிட்டை டேஷ்போர்டில் படிக்காமல் சார்ஜருக்கு முன்னால் இருக்கும் மீட்டரில் படியுங்கள். மின்வாரிய பில் அதன்படிதான் வரும்.